வீட்டு மனையில் முதுமரம்: காவிரிக் கடைமடைக் கடற்கரையில் மரம் வெட்டும் விதிகளின் வரலாறு (கிளிஞ்சல்மேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு)

ஆய்வுச் சுருக்கம்

குடியிருப்பு மனையில் நிற்கும் பழமையான மரத்தை வெட்ட யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்ற கேள்வி தமிழகக் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு விதமாக விடை பெற்று வந்திருக்கிறது. அரசனின் காவல்மரம், பிரமதேயச் செப்பேடுகளின் மர உரிமைகள், பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் வேலித் தூரம், ஆங்கிலேயர் ஆட்சியின் தடிமரக் கணக்கு, விடுதலைக்குப் பின் வந்த தனிமரச் சட்டங்கள், இன்றைய மரபுமரம் என்ற கருத்து ஆகியவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. மரத்தை வளர்த்த குடும்பத்தைப் பங்காளியாகக் கொண்ட விதிகள் மரத்தைக் காத்தன. குடும்பத்தை விலக்கிவைத்த விதிகள் மரத்திற்கே பகையாக முடிந்தன. இதுவே இக்கட்டுரையின் முடிபு.

1. முன்னுரை

காரைக்கால் நகருக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் கிளிஞ்சல்மேடு. காவிரிக் கழிமுகத்தின் மணற்பாங்கான மேட்டு நிலம் இது. உப்புக் காற்றையும் குறைந்த நன்னீரையும் தாங்கும் மரங்களே இத்தகைய மண்ணில் முதுமை எய்தும். புன்னை, பூவரசு, பனை, தென்னை, வேம்பு ஆகியவை இக்கடற்கரை மனைகளின் இயல்பான மரங்கள். புன்னை விதை எண்ணெய் விளக்குக்கும் படகுக்கும் பயன்பட்டது. பூவரசின் நிழலில் வலை பின்னலாம். பனை ஓலை கூரையாயிற்று. மீனவர் குடும்பத்தில் மரம் வீட்டின் ஓர் அறையாகவே இயங்கியது: சமையல், வலை பழுதுபார்த்தல், கருவாடு தரம் பிரித்தல், பகல் உறக்கம் எல்லாம் அதன் அடியில்தான்.

அரசியல் நிலையிலும் இந்த ஊர் தனித்துவமானது. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சில மைல் தொலைவிலிருந்த தஞ்சை மாவட்டமோ 1799 முதல் 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியில். ஒரே மணல்மேடு, ஒரே மரங்கள், ஒரே மொழி பேசும் குடும்பங்கள். சட்டம் மட்டும் இரண்டு. வீட்டு மரத்தைப் பற்றிய சட்டச் சிந்தனை எவ்வாறு வளர்ந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

சொந்த மனையில் நிற்கும் மரத்தின் மேல் மனைக்காரருக்கு எவ்வளவு உரிமை, அண்டை வீட்டாருக்கு எவ்வளவு, ஊருக்கும் அரசுக்கும் எவ்வளவு என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. ஒவ்வொரு காலத்திலும் இந்தப் பங்கு எவ்வாறு பிரிக்கப்பட்டது, அதனால் மரம் பிழைத்ததா, அழிந்ததா என்பதைத் தேடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. அரசனின் மரமும் ஊரின் மரமும்

தமிழ் மரபில் மரத்தை வெட்டக்கூடாது என்ற தடை முதலில் தெளிவாகத் தோன்றுவது காவல்மரத்தில்தான். ஒவ்வொரு வேந்தனுக்கும் வேளிருக்கும் ஒரு மரம் குலச் சின்னமாக இருந்தது. பகைவனின் காவல்மரத்தை வெட்டுவது அவனை வென்றதன் அடையாளம். இந்தக் காவல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்குக் குறுந்தொகையின் 292-ஆம் பாடல் சான்று. நன்னன் என்ற மன்னனின் காவல் மாமரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த காயை, நீராடச் சென்ற ஒரு பெண் எடுத்துத் தின்றாள். அவள் எடைக்கு ஈடாகப் பொற்பாவையும் 81 யானைகளும் தருவதாகச் சொல்லியும் நன்னன் இணங்காமல் அவளைக் கொன்றான் என்று புலவர் பரணர் பதிவு செய்கிறார். பெண்கொலை புரிந்தவன் என்ற பழி அவன் பெயரோடு நிலைத்துவிட்டது.

விதிகளின் வரலாற்றில் இந்தப் பாடலுக்கு இடம் உண்டு. மரம் காக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் காப்பு ஆள்பவனின் பெருமையைக் காக்கவே இருந்தது. மரத்தின் அருகில் வாழ்பவருக்கு அதில் பங்கில்லை. சங்கப் புலவர்களே அதை அறமாக ஏற்கவில்லை. நெய்தல் திணையில் இதற்கு நேர்மாறான உறவு பேசப்படுகிறது. நற்றிணையின் 172-ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த விதையிலிருந்து முளைத்து, பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கப்பட்ட புன்னையை, தாய் சொன்னபடி தலைவி தன் உடன்பிறப்பாக எண்ணுகிறாள். அதன் முன்னே காதலனோடு சிரித்துப் பேசவும் நாணுகிறாள். இங்கே மரத்தைக் காப்பது ஆணையன்று. வளர்த்தவர் கொண்ட உறவு. காவல்மரம், வளர்ப்புமரம் என்ற இந்த இரு நிலைகளும் பின்னர் வந்த எல்லாச் சட்டங்களிலும் மாறி மாறித் தலைகாட்டுகின்றன.

பல்லவர், சோழர் காலத்தில் மர உரிமை எழுத்து வடிவம் பெற்றது. காரைக்காலை அடுத்த காசாக்குடியில் 1879-இல் கிடைத்த செப்பேடு எட்டாம் நூற்றாண்டின் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் வழங்கிய நிலக்கொடையைப் பற்றியது. கொடை நிலத்தின் எல்லையையும் வரிவிலக்குகளையும் அது விரிவாகப் பட்டியலிடுகிறது. சோழர் காலப் பிரமதேயச் செப்பேடுகளில் இத்தகைய பட்டியல் மேலும் நீளும். தென்னந்தோப்பு வைக்கலாம், மருவும் தமனகமும் நடலாம், கிணறு தோண்டலாம், மாடி வீடு எடுக்கலாம், ஊர்த் தென்னையிலும் பனையிலும் கள் இறக்குவோர் ஏறக்கூடாது. இவை தனித்தனியே வழங்கப்பட்ட சலுகைகள். அப்படியானால் சலுகை பெறாத ஊரில் மரம் நடுவதும் ஏறுவதும்கூட ஆட்சியின் ஒப்புதலுக்கு உட்பட்டிருந்தன என்று கொள்ளலாம். கொடை நிலத்தின் எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டு, பெண் யானையை நடத்தி எல்லை காட்டியதும் இதே காலத்து வழக்கம். நிலத்தில் நட்ட செடியும் சான்றுப் பத்திரமாக நின்றது.

கோயில்களின் தலமரம் மற்றொரு பாதுகாப்பு வளையத்தை உருவாக்கியது. காரைக்கால் அம்மையாரின் ஊரில் ஆனி மாதம் நடக்கும் மாங்கனித் திருவிழா, ஒரு மரத்தின் கனியை ஊர் முழுவதன் நினைவாக மாற்றியிருக்கிறது. ஆயினும் தலமரத்தின் புனிதம் கோயில் மதிலுக்குள்ளேயே நின்றது. மதிலுக்கு வெளியே, மீனவர் மனையில் நின்ற புன்னைக்கு அந்த வளையம் நீளவில்லை. அங்கே ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லும் வீட்டாரின் பாசமும்தான் காவல்.

3. வேலிக்கு இரண்டு மீட்டர்: பிரெஞ்சுச் சட்டம் தந்த புதிய அளவு

1819 ஜனவரி 6 ஆணை வழியாகப் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தன. இந்தியரின் வழக்காறுகளும் சாதி மரபுகளும் தொடர்ந்து மதிக்கப்படும் என்று அதே ஆணை உறுதி கூறியது. குடும்பம், வாரிசுரிமை போன்றவற்றில் வழக்காறு நின்றது. சொத்தைப் பற்றிய புதிய சிந்தனை சிவில் சட்டத் தொகுப்பின் வழியே நுழைந்தது.

1804-இல் இயற்றப்பட்ட அத்தொகுப்பின் 671 முதல் 673 வரையிலான பிரிவுகள் வீட்டு மரத்தைப் பற்றியவை. உயரமாக வளரும் மரத்தை அண்டை நிலத்தின் எல்லையிலிருந்து போதிய தூரம் விட்டே நட வேண்டும். அந்தத் தூரத்தை முதலில் முடிவு செய்வது ஏற்கெனவே உள்ள உள்ளூர் விதியும், எல்லோரும் ஏற்று நிலைத்துவிட்ட வழக்கமும்தான். இரண்டும் இல்லாத இடத்தில் மட்டும் இரண்டு மீட்டர். தாழ்வான செடிகளுக்கு அரை மீட்டர். தூரம் தவறி நட்ட மரத்தைப் பிடுங்கும்படி அண்டை வீட்டார் கேட்கலாம். எல்லை தாண்டி நீளும் கிளையை வெட்டச் சொல்லிக் கேட்கலாம். வேர் புகுந்தால் தாமே வெட்டிக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவுகள் மரத்தைப் பாதுகாக்க எழுதப்பட்டவை அல்ல. அண்டை வீட்டுச் சச்சரவைத் தீர்க்க எழுதப்பட்டவை. ஆயினும் மரத்தின் வரலாற்றில் இரண்டு ஆழமான கருத்துகளை இவை விட்டுச்சென்றன. முதலாவது, எழுதப்பட்ட சட்டம் உள்ளூர் வழக்கத்திற்கு முன்னுரிமை தந்தது. மீட்டர் கணக்கு வழக்கம் இல்லாத இடத்திற்கான மாற்று மட்டுமே. இரண்டாவது, காலம் மரத்திற்கு உரிமை தருகிறது. 1881-இல் பிரான்சில் நடந்த திருத்தம் 672-ஆம் பிரிவில் இதை வெளிப்படையாக எழுதியது: தூரம் தவறி நட்ட மரமாயினும், முப்பது ஆண்டுகள் எவரும் எதிர்க்காமல் வளர்ந்துவிட்டால் அதை அகற்றும்படி கேட்கும் உரிமை அண்டை வீட்டாருக்கு இல்லாமல் போகும். அந்த மரம் பட்டுப்போய் அதே இடத்தில் புதிது நட்டால் மறுபடி பழைய தூர விதி பொருந்தும். ஆகவே முப்பது ஆண்டுக் காப்பு அந்தக் குறிப்பிட்ட முதுமரத்திற்கே உரியது. வயதை அடிப்படையாகக் கொண்டு வீட்டு மரத்திற்குப் பாதுகாப்பு வழங்கிய தொடக்க காலச் சட்ட வாசகங்களில் இது ஒன்று.

மரத்தை எவ்வகைச் சொத்தாகக் கருதுவது என்பதிலும் பிரெஞ்சுத் தொகுப்பு தெளிவாக இருந்தது. நிலத்தில் வேரூன்றி நிற்கும்வரை அது நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்து. வெட்டி வீழ்த்திய பிறகே அசையும் பொருளாகிறது. 1880 மார்ச் 12 ஆணையின்படி பிரெஞ்சு இந்தியாவில் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. நகர நிர்வாகம் என்ற புதிய அமைப்பு காரைக்காலில் வேரூன்றியது. மரத்தைப் பற்றிய சச்சரவு ஊர்ப் பஞ்சாயத்தின் முன் வைக்கப்படலாம்; நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்படலாம் என்ற இரட்டை வழி இக்காலத்தில் உருவாயிற்று.

4. எல்லைக்கு அப்பால்: தடிமரமும் அபாய மரமும்

அதே காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் சட்டம் வேறு திசையில் நடந்தது. 1882-இன் சொத்துரிமை மாற்றுச் சட்டம், வெட்டுவதற்காக நிற்கும் தடிமரத்தை அசையாச் சொத்து என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. கனிக்காகவும் நிழலுக்காகவும் வளர்க்கப்படும் மரம் அசையாச் சொத்து. விரைவில் வெட்டப்படப் போகும் தடிமரம் அசையும் சொத்து. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1958-இல் சாந்தாபாய் வழக்கில் விளக்கியது: தொடர்ந்து மண்ணிலிருந்து ஊட்டம் பெற்று வளரவிடும் நோக்கமா, வெட்டி எடுக்கும் நோக்கமா என்பதே அளவுகோல். மரத்தின் சட்ட நிலை மனிதரின் எண்ணத்தைச் சார்ந்தது என்ற கருத்து இங்கே நிலைபெற்றது. காரைக்காலில் வீழ்ந்த பிறகே பொருளாகும் மரம், எல்லையைத் தாண்டினால் நிற்கும்போதே சரக்காகிவிடலாம்.

கிளை விவகாரத்திலும் ஆங்கிலச் சட்டம் வேறுபட்டது. எல்லை தாண்டிய கிளையை, மரத்துக்காரருக்கு முன்னறிவிப்பு கொடுக்காமலேயே அண்டை வீட்டார் வெட்டலாம் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை லெம்மன் எதிர் வெப் வழக்கில் 1894-இல் ஏற்றது. பிரெஞ்சு முறையில் கிளையை வெட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றால் பேச வேண்டும். பேச்சு நடக்கும் இடத்தில் சமரசமும் நடக்கும். முதுமரத்தின் கிளையை யார், எவ்வளவு வெட்டுகிறார் என்பது அதன் ஆயுளை முடிவு செய்யும் என்பதால் இந்த வேறுபாடு சிறியதன்று.

1920-இன் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வீட்டு மரத்தை மூன்றாவது கோணத்தில் பார்த்தது. சாய்ந்து விழக்கூடிய, வழிப்போக்கருக்கு ஆபத்தான மரத்தை வெட்டவோ கட்டிப் பாதுகாக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் நகராட்சிக்கு வந்தது. சொந்த மனையில் நிற்கும் மரத்தைப் பற்றி இங்கே உள்ளாட்சி பேசியது, அதை அபாயமாகக் கண்டுதான். நகர வீட்டு மரத்தைக் காக்கச் சொல்லும் விதி இந்தியப் பெருநகரங்களில் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியின் 1973 நகராட்சிகள் சட்டமும், அதே ஆண்டின் கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டமும் இதே உள்ளாட்சி மரபில் பிறந்தவை.

வருவாய்த் துறையில் மட்டும் ஓர் அரிய ஏற்பாடு இருந்தது. புறம்போக்கு நிலத்தில் மரம் நட்டு வளர்த்தவருக்கு அதன் பலனை அனுபவிக்கும் உரிமை தரும் மரப்பட்டா அது; தமிழக வருவாய்க் கணக்கில் 2சி பட்டா என்று வழங்கப்படுவது. நிலம் அரசுடையது, புளியோ பனையோ வளர்த்தவரின் பயனுக்குரியது. மண்ணையும் மரத்தையும் தனித்தனி உரிமையாகப் பார்க்க முடியும் என்பதை இந்தப் பட்டா காட்டியது. வளர்த்தவர் உழைப்புக்குச் சட்ட மதிப்பு தந்த இந்த ஏற்பாட்டை வீட்டு மரச் சிந்தனைக்குள் கொண்டுவர யாரும் முயலாதது பெரும் இழப்பு.

5. தனித்தனி மரத்திற்குத் தனித்தனிச் சட்டம்

1954 நவம்பர் 1-இல் காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் முறைப்படியான இணைப்பு நிறைவேறியது. முன்பிருந்த சட்டங்கள் மாற்றப்படும்வரை தொடர வழி செய்யப்பட்டது. பின்னர் 1963-லும் 1968-லும் இந்தியச் சட்டங்கள் பல புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. இரு பக்கச் சட்டங்களும் மெல்ல ஒன்றாயின.

இதற்கிடையே தமிழ்நாடு தேவைக்கேற்ப மரச் சட்டங்களை இயற்றியது. 1955-இன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், மலைப்பகுதிப் பட்டா நிலத்தின் மரத்தையும் குழுவின் அனுமதியின்றி வெட்டத் தடை விதித்தது. 1994-இன் தோதகத்தி மரப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிலத்தில் நின்ற தோதகத்தியையும் காத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கென வந்த இச்சட்டம் 2010-இல் மேலும் பதினைந்து ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தாக்கலான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று அறிவித்தது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட மாநில, மாவட்டப் பசுமைக் குழுக்கள் பொது இடங்களின் மரங்களைப் பற்றி முடிவெடுக்கின்றன. இந்த வரிசையில் மலைக்குச் சட்டம் வந்தது, விலையுயர்ந்த தடிக்குச் சட்டம் வந்தது, பொதுச் சாலைக்குக் குழு வந்தது. சமவெளியில், தெருவோர வீட்டுக் கொல்லையில் நிற்கும் எண்பது வயதுப் பூவரசோ புன்னையோ இவற்றில் எதன் பார்வையிலும் படுவதில்லை.

சந்தன மரத்தின் கதை இங்கு கவனத்துடன் படிக்கத் தக்கது. தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனம்கூட அரசின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், நிலத்துக்காரருக்கு அது வருமானமாக இல்லாமல் வழக்காகவே தெரிந்தது. கன்றிலேயே பிடுங்கி எறிந்தவர் பலர். கர்நாடகம் 2001-இல் சட்டத்தைத் திருத்தி உரிமையை நிலத்துக்காரருக்கு அளித்தது. தமிழ்நாடும் அவ்வழியே சென்று, பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான விதிகளை 2008-இல் வெளியிட்டது. நன்னனின் மாமரம் தொட்டுச் சந்தனம் வரை ஒரே பாடம்தான் திரும்ப வருகிறது: அருகில் வாழ்பவருக்குப் பங்கு தராத காப்பு அவருக்குப் பகையாகிறது.

கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழர் வாழும் யாழ்ப்பாணத்தில் வேறொரு முறை நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. 1951-இன் 9-ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வீட்டு வளவில் இருந்தாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. இம்மூன்றும் பஞ்ச காலத்தில் பசியாற்றும் மரங்கள். மரத்தின் தடிவிலை இங்கு அளவுகோலாகவில்லை. அது தரும் உணவு அளவுகோலாயிற்று. பயன்பாட்டின் அடிப்படையில் இனங்களைத் தேர்ந்து, சாதாரண வீட்டு வளவுக்குள் பாதுகாப்பைக் கொண்டுவந்த இந்தச் சட்டம் கடைமடைக் கடற்கரைக்கு நெருங்கிய முன்மாதிரி.

6. ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மனைகள்

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை காரைக்கால், நாகப்பட்டினம் மீனவர் ஊர்களைச் சிதைத்தது. அதன்பின் கடற்கரை மரங்களைப் பற்றிய அறிவியல் விவாதம் தீவிரமானது. 2005-இல் டேனியல்சனும் உடன் ஆய்வாளர்களும் கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து, அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் இருந்த இடங்களில் சேதம் குறைவாக இருந்தது என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினர். பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 குடியிருப்புகளைக் கதிரேசனும் ராஜேந்திரனும் ஆராய்ந்து இதே திசையில் முடிவு கண்டனர். அத்தரவுகளை மறுபடி கணக்கிட்ட கெர், பெயர்ட், கேம்பல் ஆகியோர், நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் பெரும்பங்கு வகித்தன என்று 2006-இல் மறுத்தனர். இந்த விவாதம் முழுவதும் தோப்பையும் காட்டையும் பற்றியது. வீட்டு மரத்தின் பங்கு இதில் விடுபட்டது.

வீட்டு மரத்தின் கதையை எழுதியவர் மறுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜெனிபர் டுய்ன் பாரன்ஸ்டைன். 2005 மார்ச் 30-இல் தமிழக அரசு வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணை புதிய வீடுகளுக்கு வழி வகுத்தது. ஒரு வீடு ஏறத்தாழ 300 முதல் 325 சதுர அடி. அவற்றைத் தொண்டு நிறுவனங்கள் வழியாக ஒப்பந்தக்காரர்கள் கட்டினர். நாகப்பட்டினம் பகுதியில் பல இடங்களில், வேலை தொடங்குமுன் தரை முழுவதும் வெறுமையாக இருக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது என்றும், அதனால் பழைய வீடுகளோடு அவற்றைச் சூழ்ந்திருந்த மரங்களும் வெட்டப்பட்டன என்றும் அவரது ஆய்வுகள் பதிவு செய்கின்றன. வரிசை வரிசையாகக் கான்கிரீட் கூரை வீடுகள் எழுந்தன. நிழலை இழந்த மக்கள் பகலில் உள்ளே இருக்க முடியாத வெப்பத்தைச் சந்தித்தனர். கூடவே தேங்காய், விறகு, ஓலை, மருந்து இலை என வீட்டுச் செலவைத் தாங்கிய சிறு வரவுகளும் போயின.

பேரலையே விட்டுவைத்த மரத்தை மறுவாழ்வு வெட்டியது. இதை ஒரு தனி மனிதரின் குற்றமாகப் பார்ப்பதால் பயனில்லை. வீட்டுத் திட்டத்தில் வரைபடம் இருந்தது, அளவு இருந்தது, செலவு இருந்தது, காலக்கெடு இருந்தது. மனையில் ஏற்கெனவே நிற்கும் மரத்தைக் குறிக்க அந்த வரைபடத்தில் ஒரு கட்டம் இல்லை. சோழமண்டலக் கடற்கரை மீனவர் பஞ்சாயத்துகளின் அதிகாரத்தை மார்ட்டன் பாவிங்க் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கடலையும் கரையையும் பற்றி முடிவெடுக்கும் வலிமை அவற்றுக்கு உண்டு. வீடு ஒதுக்கும் பட்டியலில் அவற்றின் கருத்து கேட்கப்பட்டது. வீட்டு மரத்தைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளும் இந்த வெற்றிடத்தை நிரப்பவில்லை. 1991, 2011 அறிவிக்கைகள் கட்டடத்தின் தூரத்தையும் அலையாத்திக் காட்டையும் பற்றிப் பேசின. 2011-இன்படி 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்பைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையம் தேவை. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை, தனியார் நிலத்து அலையாத்திக்கு அந்த வளையம் தேவையில்லை என்று தளர்த்தியது. மண் யாருடையது என்பதை வைத்து மரத்தின் பாதுகாப்பைக் குறைத்த இந்த முடிவு, மரப்பட்டா காட்டிய வழிக்கு நேர் எதிரானது.

7. வயதே மதிப்பாகும் காலம்

இந்தியப் பெருநகரங்களில் வீட்டு மரத்தைக் காக்கும் சட்டம் எழுபதுகளில் வந்தது. மகாராஷ்டிரம் 1975-லும் கர்நாடகம் 1976-லும் மரப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. தில்லி 1994-இல் பின்தொடர்ந்தது. சொந்த மனை மரத்தையும் மர அலுவலரின் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை. தில்லிச் சட்டத்தில் 60 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். அலுவலகம் தாமதித்தால் மரம் போய்விடும் என்ற ஓட்டை இதில் இருக்கிறது.

2021-இல் மகாராஷ்டிரம் செய்த திருத்தம் மரபுமரம் என்ற சொல்லுக்கு எண்ணால் எல்லை வகுத்தது: ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவை. அத்தகைய மரத்தை வெட்டினால் அதன் வயதுக்கு ஈடான எண்ணிக்கையில் கன்றுகள் நட வேண்டும். ஏழு ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அதே காலத்தில், மேற்கு வங்க ரயில் மேம்பால வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு ரூ. 74,500 என்று கணக்கிட்டது; நூறு ஆண்டு கடந்த மரம் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்புடையதாகலாம் என்றது. 2025 மார்ச்சில், தாஜ் பாதுகாப்பு மண்டலத்தில் மதுரா–பிருந்தாவன் அருகே பெரும்பாலும் தனியார் நிலத்தில் வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு, மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இத்தகைய பாதுகாப்பு மண்டலத்தில் தனியார் மனை என்பது மரத்தை வெட்டத் தரும் முழு உரிமையன்று என்பது நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் நிலை.

தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் 1991-இல் மரப் பாதுகாப்பு வட்டாரங்களை அறிவித்தது. அங்கே அடிமரச் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். 2001-இல் மரபுமரத் திட்டம் தொடங்கியது. வயதைக் கண்டறிவது கடினம். சுற்றளவை யாரும் கயிறு கொண்டு அளக்கலாம். விதியை மக்கள் தாமே சரிபார்க்க முடிவது இந்த முறையின் சிறப்பு.

8. கிளிஞ்சல்மேட்டு மனைக்கு ஏற்ற விதி

மேற்கண்ட வரலாறு கடைமடைக் கடற்கரைக்கு ஐந்து கொள்கைகளைத் தருகிறது.

முதலாவது, அளவுகோல் எளிமையாக இருக்க வேண்டும். நெஞ்சுயரத்தில் சுற்றளவு, அல்லது ஊர் மூத்தோர் சான்று கூறும் முப்பது அல்லது ஐம்பது ஆண்டு வயது. இரண்டில் ஒன்று போதும். முப்பது ஆண்டு என்பது பிரெஞ்சுச் சட்ட மரபிலேயே இருப்பதால் காரைக்காலுக்கு அது அந்நியமன்று.

இரண்டாவது, இனப் பட்டியல் இம்மண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும். புன்னை, பூவரசு, பனை, வேம்பு, ஆல், அரசு என்று பயனும் தாங்குதிறனும் கொண்டவற்றைச் சேர்க்கலாம். யாழ்ப்பாணத்துப் பெண்பனைப் பாதுகாப்பு இதற்கு வழிகாட்டி.

மூன்றாவது, மரத்தைக் காக்கும் குடும்பத்திற்கு ஆதாயம் வேண்டும். பதிவு செய்த மரத்தின் கிளை கழித்தல், நோய் பார்த்தல் ஆகியவற்றின் செலவை உள்ளாட்சி ஏற்க வேண்டும். வீட்டு வரியில் சலுகை தரலாம். காய், இலை, உதிர்ந்த விறகு ஆகியவற்றின் மேல் குடும்பத்தின் உரிமை எழுத்தில் உறுதியாக வேண்டும். சந்தனத்தில் நடந்த பிழை புன்னையில் நடக்கக்கூடாது.

நான்காவது, அபாயத்தை மறுக்கக்கூடாது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்–புதுச்சேரிக் கரையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம்–வேதாரண்யம் கரையிலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தன. ஓலைக் கூரையின் மேலும் ஓட்டு வீட்டின் மேலும் மரம் விழும் என்ற அச்சம் நியாயமானது. சாய்ந்த, உளுத்த மரத்தை உடனே அகற்ற விதி இடம் தர வேண்டும். ஆனால் கிளை குறைத்தோ கட்டியோ காக்க முடியுமா என்று ஒருவர் வந்து பார்த்த பின்பே அகற்ற வேண்டும். பதில் தர அலுவலகம் தாமதித்தால் அதற்கு அலுவலகமே பொறுப்பு; தாமதம் தானாக வெட்டும் அனுமதியாகிவிடக்கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து மட்டும் இதற்கு விலக்கு.

ஐந்தாவது, வீட்டு வரைபடத்தில் மரத்திற்குக் கட்டம் வேண்டும். கட்டட அனுமதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், அரசின் வீட்டுத் திட்டங்கள் ஒவ்வொன்றிலும், மனையில் நிற்கும் பெரிய மரத்தின் இடம் குறிக்கப்பட வேண்டும். அதை வெட்டாமல் வீட்டை அமைக்க முடியாது என்று காட்டிய பிறகே வெட்டும் பேச்சு எழ வேண்டும். மறுவாழ்வுக் காலத்தில் இந்த ஒரே விதி இருந்திருந்தால் கடற்கரையின் பல நிழல்கள் பிழைத்திருக்கும்.

இந்த ஐந்தையும் செயல்படுத்தும் இடம் உள்ளாட்சியும் மீனவர் பஞ்சாயத்தும் சேர்ந்து அமரும் ஒரு சிறு குழுவாக இருப்பதே நன்று. சான்று சொல்லும் மூத்தவர் அங்கே இருக்கிறார். எல்லைச் சச்சரவைத் தெரிந்தவரும் அங்கேயே இருக்கிறார். நிலைத்த உள்ளூர் வழக்கத்திற்கு முதலிடம் தந்த பழைய 671-ஆம் பிரிவின் உணர்வும் இதுவே. பதிவேட்டைப் பராமரிப்பதும் முறையீட்டைக் கேட்பதும் அரசின் கடமை.

9. முடிவுரை

காவல்மரம் ஆள்பவனுக்காகக் காக்கப்பட்டது. பிரெஞ்சுச் சட்டம் அண்டை வீட்டாருக்காக மரத்தை அளந்தது. ஆங்கிலேயர் ஆட்சி அதைத் தடியாகவும் அபாயமாகவும் கண்டது. விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் மலையையும் விலையுயர்ந்த இனத்தையும் காத்தன. மரத்தின் வயதும் அது தரும் வாழ்வும் மதிப்பாகத் தொடங்கியது அண்மையில்தான். இந்த வரிசை முழுவதிலும், மரத்தை நட்டுத் தண்ணீர் ஊற்றிய குடும்பத்தின் குரல் எழுத்தில் இடம்பெற்ற தருணங்கள் மிகச் சில: மரப்பட்டா, முப்பது ஆண்டு உரிமை, சந்தன விதிகளின் திருத்தம்.

காரைக்கால் கடற்கரையில் மனைகள் சுருங்குகின்றன. வீடுகள் மறுபடி கட்டப்படுகின்றன. அடுத்த புயலுக்குப் பின் மீண்டும் திட்டங்கள் வரும். அந்தத் திட்டங்கள் வருமுன் மரங்களை அளந்து பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். பேரிடருக்குப் பின் அவசரம் ஆளும். அப்போது புதிய விதி எழுத யாருக்கும் நேரம் இருக்காது. கிளிஞ்சல்மேட்டு மனைகளின் முதுமரங்களை அளந்து எழுதும் வேலையை, அமைதியான இந்த ஆண்டுகளிலேயே உள்ளாட்சியும் ஊரும் சேர்ந்து தொடங்க வேண்டும்.